விற்கிற வீட்டுக்குப் புதுக் கல்

வீடு விற்கிறவர்களில் இரண்டு ரகம். முதல் ரகம், விலை படிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இரண்டாவது ரகம், விற்பதென்று முடிவான மறுநாள் காலையில் சமையல்கட்டுக்குள் நுழையும். அதுவரை தண்ணீர் குடிக்க மட்டுமே போய்வந்த அந்த இடத்தை முதல் முறையாகக் கண்ணைத் திறந்து பார்க்கும். பார்த்துவிட்டு, "இந்த மேடைக்கல்ல மாத்திட்டு வித்தா இன்னா?" என்று கேட்கும். இந்த ரகம் எந்த ஊரிலும் கிடைக்கும். நயம் சரக்கு வேண்டுமென்றால் அம்மையார்குப்பத்துக்குத்தான் வரவேண்டும்.

நம்மவரை அடையாளம் காண்பது சுலபம். அறுபதைத் தொட்டிருப்பார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் இஞ்சு டேப் இருக்கும். ஆயுள் முழுக்க விசைத்தறிக்குப் பக்கத்தில் நின்று பேசியவர். ஆகையால் ரகசியத்தையும் மூன்று தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். "வீடு விக்கிற விஷயம் வெளிய தெரிய வேணாம்" என்று டீக்கடையில் அவர் சொன்னது, ஆர்.கே.பேட்டை போகிற பஸ்ஸின் கடைசி சீட்டுக்காரருக்கும் தெளிவாகக் கேட்டது.

வீட்டை விற்பதா வேண்டாமா என்பதில் அவருக்குக் குழப்பமே வரவில்லை. மகன் அம்பத்தூரில் ஃபிளாட் வாங்கிவிட்டான். "நைனா, அங்க தனியா இன்னா பண்ணப் போறீங்க? வித்துட்டு வந்துடுங்க" என்றான். தறிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்த ஆளுக்குக் கூலி கட்டுப்படியாவதில்லை. தாத்தா கட்டிய வீடு, தான் பிறந்த வீடு, பிள்ளைக்குத் தொட்டில் கட்டிய வீடு, அத்தனையையும் ஒரு டீ ஆறுவதற்குள் விற்க முடிவு செய்துவிட்டார். மேடைக்கல் மட்டும்தான் முடிவாகவில்லை. திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். நம்மவர் நாளுக்கு ஒருவரிடம் யோசனை கேட்டுக் கேட்டே பாதி மலை ஏறிவிட்டார்.

அந்தக் கல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அது கடப்பா கல். ஆந்திரத்துக் கடப்பா பக்கத்தில் சுண்ணாம்புப் பாறையைப் பலகை பலகையாகப் பிளந்தெடுக்கிற கறுப்புக் கல். திருத்தணியில் மும்பைப் பக்கம் போகிற ரயில் ஏறினால் ரேணிகுண்டாவுக்கு அப்பால் கடப்பா வந்துவிடும். கிட்டத்தில் கிடைத்த கல், விலையும் மலிவு. அதனால் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் அலமாரித் தட்டு, பரண், சமையல் மேடை எல்லாம் அதே கல்தான். உழைப்பதில் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்புப் பாறை என்பதால் புளிப்பு மட்டும் ஆகாது. எலுமிச்சம்பழச் சாறும் புளிக்கரைசலும் பட்ட இடம் வெளுத்துப்போகும். நம்மூரோ எல்லைப்புறத்து ஊர், புளியைக் கணக்குப் பார்த்துப் போடுகிற வழக்கம் கிடையாது. கல் எந்த லட்சணத்தில் இருக்குமென்று சொல்லவேண்டியதில்லை.

மேடைக்கு அரசியல் வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் தரையில் உட்கார்ந்துதான் சமையல். கேஸ் அடுப்பு வந்த பிறகு அதைத் தூக்கி வைக்க மேடை கட்டினார்கள். 2006 தேர்தலுக்குப் பிறகு வந்த ஆட்சி இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2011-இல் வந்த ஆட்சி மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தது. அந்தத் திட்டத்தை அந்த ஆண்டு செப்டம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். ஆக, ஆட்சிக்கு ஒரு சாமான் மேடையேறியது. எல்லாக் கட்சிப் பாரத்தையும் கல் ஒன்றேபோல் தாங்கியது. முன்கட்டில் தறி ஓடிய அதிர்வில் சுவர்கூட விரிசல் விட்டிருக்கிறது, கல்லில் கீறல் இல்லை. அந்தக் கல்லைத்தான் நம்மவர் இப்போது குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் சாட்சி புரோக்கர். விலையில் சதவீதக் கமிஷன் வாங்குகிறவர், விலை ஏறுகிற யோசனை எதுவானாலும் அவருக்குச் சம்மதம். "கண்ண மூடினு மாத்துங்க மாமா. கிச்சன் பளபளன்னு இருந்தா ஒரு லட்சம் சேத்துச் சொல்லலாம்" என்றார். சொல்லலாம் என்றுதான் சொன்னார், வாங்கலாம் என்று சொல்லவில்லை. இந்த நுணுக்கம் நம்மவர் காதில் விழவில்லை. தறிச் சத்தம் தந்த காது அது.

இரண்டாவது சாட்சி கிரானைட் கடைக்காரர். வரிசையாக நிறுத்தியிருந்த பலகைகளில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக் காட்டினார். ஒங்கோல் பக்கம் சீமகுர்த்தியிலிருந்து வருகிற 'பிளாக் கேலக்ஸி', கறுப்பில் பொன்னிறப் புள்ளி. நம்மவர் மயங்கிப்போனார். சேலை பார்டரைத் தடவிப் பார்க்கிற பழக்கத்தில் கல்லையும் ஓரத்தில் தடவிப் பார்த்தார். பத்தடி நீளம், இரண்டடி அகலம், இருபது சதுர அடி. சதுர அடி 180 ரூபாய் வீதம் 3,600 ரூபாய். "இவ்ளோதானா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவர், போகிற வழியில் மேஸ்திரியைப் பார்க்காமலே போயிருக்கலாம்.

மேஸ்திரி மூன்றாவது சாட்சி. உண்மை பேசுகிற சாட்சி, ஆகவே ஆபத்தான சாட்சி. மேடையைத் தட்டிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு விரல் மடக்க ஆரம்பித்தார். "கல்லு செவுத்துக்குள்ள ஒரு இஞ்சு போயிருக்குதுண்ணா. இழுத்தா கீழ்வரிச டைல்ஸ் பேந்துனு வரும். அந்த டிசைன் இப்ப எங்கயும் கெடைக்காது, மேலயும் எடுத்துடணும். எடுத்தா உள்ள கீற பழைய ஒயரு தெரியும், தெரிஞ்சப்புறம் வுட முடியுமா? சிங்க்குக்கு ஓட்ட போடணும். புது சிங்க்னா பழைய பைப்பு ஒத்துவராது. மேட காலு செங்கல்லு ஊறிப் போயிருக்குது, அதையும்..." அவர் இரண்டாவது கைக்குத் தாவியபோது நம்மவர் நாற்காலி தேடினார். கூட்டிப் பார்த்தால் 45,000 ரூபாய். கல் 3,600, கல்லைச் சுற்றி 41,400. ரசீது இருந்தால் வீட்டை மேம்படுத்திய செலவு என்று மூலதன ஆதாய வரிக் கணக்கில் காட்டிப் பார்க்கலாம் என்று தூரத்து உறவு ஆடிட்டர் ஒருவர் சொன்னார். மேஸ்திரி கணக்கு எழுதிக் கொடுத்ததோ தீப்பெட்டி அட்டையின் பின்பக்கம்.

மேஸ்திரிக்கு மனம் இளகி ஒரு மாற்று வழியும் சொன்னார். "பழைய கல்லு மேலயே கிரானைட்ட ஒட்டிடலாம்ணா. ஒடைக்கிற வேலயே இல்ல." நம்மவர் முகம் மலர்ந்தது. உள்ளேயிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது. "மேட இன்னும் ஒரு இஞ்சு ஏறும். இப்பவே இட்லி குண்டான்ல தண்ணி இருக்குதான்னு எட்டிப் பாக்க முக்காலி போட்டுனு நிக்கிறேன். வர்றவ பனமரமா இருந்தாத்தான் செல்லும்."

நான்காவது சாட்சி மகன், வீடியோ காலில். கிரானைட் பழைய மோஸ்தர், குவார்ட்ஸ்தான் போடவேண்டும், வெளிநாட்டில் எல்லாம் அதுதான் என்றான். அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறான். கல்தூளைப் பிசினில் கலந்து செய்கிற அந்தச் செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடையே செய்துவிட்டது. வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அறுக்கிற தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து சிலிகோசிஸ் வந்துவிடுகிறது என்பதற்காகத் தடை. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, இதைவிடக் குறைவு. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும். நம் தெருக்களிலோ வாசலில் மிஷினை வைத்து, வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தெருவே வெள்ளையாகும்படி அறுப்பார்கள். "பஞ்சுத் தூசிக்கே இருமினு கீறோம், இது வேறயா?" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். கூப்பிடாமல் வந்த சாட்சி, ஆனால் சரியான சாட்சி.

மகனுக்கு எதிராக இன்னொன்றும் சொல்லவேண்டும். எதற்கும் அமெரிக்காவைப் பார் என்கிறவன் அவன். அங்கே எந்தப் புதுப்பிப்பில் போட்ட காசு வீடு விற்கும்போது எவ்வளவு திரும்புகிறது என்று வருஷா வருஷம் கணக்கெடுத்து அறிக்கை போடுகிறார்கள். ஆடம்பரமாகச் சமையல்கட்டையே மாற்றிப் போட்டவர்களைவிட, சின்னச் சின்ன ஒட்டுவேலை பார்த்தவர்களுக்குத்தான் போட்ட காசில் பெரும்பங்கு திரும்புகிறது என்பது அந்தக் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அங்கே வாங்குகிறவர் சமையல்கட்டைப் பார்த்துத்தான் வீட்டைப் பிடிக்கிறார். அப்படிப்பட்ட நாட்டிலேயே இந்தக் கதி.

ஐந்தாவது சாட்சி வாஸ்து பார்க்கிறவர். மேடை தென்கிழக்கில், அக்னி மூலையில்தான் இருக்கிறது, சமைக்கிறவர் முகமும் கிழக்கே பார்க்கிறது. குறை சொல்ல இடமில்லாமல் சங்கடப்பட்டுப்போனார். கடைசியில், "கறுப்புக் கல்லு சனி" என்று சொல்லித் தட்சிணையைக் காப்பாற்றிக்கொண்டார். பிளாக் கேலக்ஸியும் கறுப்புதானே என்று கேட்டதற்கு, "அது மின்னுது இல்ல?" என்றார்.

உண்மையான வழக்கு வீட்டுக்குள்தான் நடந்தது. நம்மவர் செய்த ஒரே பெரிய பிழை, யோசனை கேட்ட ஊர் ஜனத்தில் மனைவியைச் சேர்க்காதது. அந்த அம்மாள் பதினெட்டு வருஷமாக மேடைக்குக் கிரானைட் கேட்டவர். அப்போதெல்லாம் நம்மவரிடம் பதில் தயாராக இருந்தது. நூல் விலை ஏறிக் கிடக்குது, சேட்டு இன்னும் பணம் குடுக்கல, தீபாவளி போவட்டும், பொங்கல் போவட்டும், ஆடிக் கிருத்திகை போவட்டும். எல்லாப் பண்டிகையும் போயிற்று. இப்போது முகம் தெரியாத யாரோ ஒருத்தி சமைக்க வரப்போகிறாள் என்றதும் 45,000 ரூபாய்க்குக் கணக்குப் போடுகிறார்.

"ஏங்க, நான் கேட்டப்ப எல்லாம் காசு இல்ல. யாரோ வர்றவளுக்குக் கிரானைட்டா?"

"அவங்களுக்கு இல்லம்மே, விலைக்கு."

"சரி, போடுங்க. போட்டப்புறம் நான் ஒரு ஆறு மாசம் அதுல சமைக்கிறேன். அப்புறம் வித்துக்கலாம்."

"ஆறு மாசத்துல கற புடிச்சிடாதா?"

"அப்ப நானே வாங்கிக்கிறேன். பத்து லட்சத்துக்குள்ள இருந்தா பொம்பள பேருல பதியறதுக்கு ஒரு பர்சென்ட் கம்மியாம், குழுவுல சொன்னாங்க. எனக்குன்னா வெல கொறச்சிதானே குடுப்பீங்க?"

மகளிர் குழுவில் சொன்ன தகவல் சரிதான். 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் சலுகை. இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டு நம்மவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

இதற்கிடையே வீடு பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. முதலில் வந்தவர் தறிக்காரர். தறிக்கூடத்தில் நின்று தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். "சர்வீஸ் பேரு மாறுமா?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் வரை மின்சாரம் இலவசம், 750-ஆக இருந்ததை 2023-இல் ஏற்றினார்கள். அந்த இணைப்பு கைக்கு வருமா என்பதுதான் அவருக்கு வீட்டின் விலை. நம்மவர் அவர் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப்போய், "கல்லு மாத்தித் தந்துடறேன்" என்றார். அவர் கல்லைப் பார்க்காமல், "போர்ல தண்ணி எத்தினி அடி?" என்று கேட்டார்.

இரண்டாவது வந்தவர் தெரு அகலத்தை அளந்தார். வேன் வீட்டு வாசல் வரை வருமா என்பது அவர் பிரச்சினை. சமையல்கட்டு இருக்கிற பக்கமே திரும்பவில்லை. மூன்றாவது வந்தவர் சோளிங்கர்க்காரர், கூடவே ஒரு இன்ஜினீயர். இருவரும் வீட்டைச் சுற்றி வந்து சென்ட் கணக்குப் போட்டார்கள். நம்மவர் மேடைக்கல் விவகாரத்தை ஆதியோடந்தமாக விவரித்தார். சோளிங்கர்க்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாங்க இடிச்சிட்டுத்தான் கட்டப் போறோம். அந்தக் கடப்பா கல்ல மட்டும் ஒடையாம எடுக்கணும். நல்ல கல்லு, இப்ப இவ்ளோ தடிமன்ல வர்றதில்ல, பாத்ரூம் தட்டுக்கு ஆவும்" என்றார். ஊரில் அந்தக் கல்லுக்கு ஆதரவாகச் சாட்சி சொன்ன ஒரே மனிதர், வீட்டை இடிக்க வந்தவர்.

மூன்று பேரும் போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே கேட்ட கேள்வி மட்டும் ஒன்றுதான். "பட்டா யார் பேருல கீது?"

அங்கேதான் நம்மவர் குரல் முதல் முறையாக ஒரு தெருவுக்குள் அடங்கியது. நத்தம் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா காலத்துப் பத்திரத்தில் சித்தூர் ஜில்லா என்று இருக்கிறது, எழுத்து தெலுங்கு. அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர், அரக்கோணத்தில் தங்கை, நகரியில் அக்கா. பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலும், நாடு முழுவதற்குமாக 2005-இலும் சட்டம் வந்தாயிற்று. இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் வீடு கை மாறும். தங்கை போட்டுவிடுவாள். அக்கா ஒரு கல்யாணத்தில் சீர்த்தட்டு வரிசை மாறிப்போனதிலிருந்து பேச்சு இல்லை. 1960 ஏப்ரல் 1-இல் எல்லை பிரித்தபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, நகரி அந்தப் பக்கம் நின்றது. ம.பொ.சி. போராடித் திருத்தணியையே மீட்டுக்கொண்டு வந்தார். நம்மவரால் நகரியிலிருந்து ஒரு கையெழுத்தைக் கொண்டுவர முடியவில்லை.

மேடைக்கல் மர்மம் இங்கே விடுபடுகிறது. வீடு விற்கிற விஷயத்தில் செய்யவேண்டிய வேலை எல்லாமே மனிதர்களோடு. அக்கா வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கவேண்டும். தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் தணிந்து போகவேண்டும். கல் அப்படியில்லை. அளந்தால் அளக்கவிடும், பழைய சண்டையைக் கிளறாது, சீர்த்தட்டைப் பற்றிக் கேட்காது. செய்யவேண்டிய வேலையைத் தள்ளிப்போட வேண்டுமானால் செய்யத்தக்க வேலை ஒன்று வேண்டும். அதற்குக் கடப்பா கல்லைவிட வசதியான பொருள் இந்த ஊரில் இல்லை.

வாங்குகிறவர் கணக்கையும் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 25 லட்ச ரூபாய் வீடென்றால் அதற்கே 2,25,000 ரூபாய் எடுத்து வைக்கவேண்டும். அந்தப் பாரத்தோடு வருகிறவர் கண்ணுக்கு 45,000 ரூபாய் மேடை தெரியாது. தெரிந்தாலும், "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு விலையைக் குறைத்துத்தான் கேட்பார். சென்னை அடுக்ககத்தில் ஐந்தாவது மாடி வீட்டை விற்கிறவருக்கு நியாயம் வேறாக இருக்கலாம். அங்கே தரை பொதுச் சொத்து, வாங்குகிறவர் மறுநாளே பால் காய்ச்சிக் குடிவருவார், சமையல்கட்டைத் திறந்து பார்ப்பார். நம்மூரில் விற்பது மண், தெரு, தண்ணீர், மின் இணைப்பு, காகிதம். மேடை அந்த மண்மேல் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஆகையால், சட்டைப் பையில் இஞ்சு டேப்போடு இதைப் படிக்கிறவருக்குச் சொல்வது இதுதான். கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்ததும் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடையுங்கள், கடப்பா கல் கறுத்து மினுங்கும். எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள், இருக்கிற கறை போதும். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். கருகிப்போன சுவிட்சை மாற்றுங்கள். இவ்வளவுக்கும் ஆயிரம் ரூபாய் ஆகாது. பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், தெலுங்குப் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள், பூவும் பழமும் வாங்கிக்கொண்டு நகரிக்குப் பஸ் ஏறுங்கள். அக்கா திட்டுவார், திட்டிவிட்டுச் சாப்பாடு போடுவார், அதற்கப்புறம் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

கல்லை மாற்றுவதென்றால் குடியிருக்கும்போதே, வீட்டுக்காரி கேட்டபோதே மாற்றிவிடுங்கள். விற்கும்போது மாற்றவேண்டியது பட்டா.